மாமி வைத்த கடைசிப் பரீட்சை

எங்கள் ஊரில் “இன்றைக்குப் பாதை இல்லையாம்” என்று யாராவது சொன்னால், வீதி உடைந்துவிட்டதாக்கும் என்று நினைக்க வேண்டாம். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற படகுக்கு எங்கள் பக்கத்தில் பெயர் பாதை. ஆட்களும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் நெருக்கியடித்து ஏறுகிற தட்டையான படகு. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து, பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுகிற உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கக் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்குப் போன நிறையப் பிள்ளைகளைப் போல நானும் அதில்தான் போய் வந்தேன். பரீட்சைக்கும் அதில்தான் போனேன், இரண்டு தரம். 2015இல் பர்ஸ்ட் ஷை, 2016இல் செகண்ட் ஷை.

இரண்டுக்கும் நடுவில் நான் புதிதாகப் படித்தது கொஞ்சம்தான். ஆனாலும் கெமிஸ்ட்ரியில் ஆகக் குறைந்த சித்தியான எஸ் எடுத்தவள் அடுத்த வருடம் பி எடுத்தேன். எப்படி என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் மாமியின் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் 2015. பத்து வருடத்துப் பாஸ்ட் பேப்பர் செய்து முடித்திருந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். செய்த விதம் இதுதான்: கட்டிலில் குந்திக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, மார்க்கிங் ஸ்கீம் பக்கத்தில் திறந்தபடி. விடை வராத இடத்தில் கண் தானாக அந்தப் பக்கம் போகும். “ஓம், இதுதானே, எனக்குத் தெரியும்” என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். தவணைப் பரீட்சைகளிலும் கல்வி வலயத்தின் முன்னோடிப் பரீட்சையிலும் “இன்னும் சிலபஸ் முடியல்லையே” என்று பாதியில் எழும்பி வந்தவள் நான். ஆக, ஒரே இருப்பில் மூன்று மணித்தியாலம் இருந்து ஒரு வினாத்தாளை முழுதாக எழுதிய முதல் நாள், உண்மையான பரீட்சை நாளாகத்தான் இருந்தது.

அந்த நாள் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சின்னச் சின்னப் பகுதிகளாகக் கேட்கிற அமைப்புக் கட்டுரைகளில் முதலாவதுக்கே 35 நிமிடம் போய்விட்டது. முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, பின்னால் இருந்த பிள்ளை எழும்பி எக்ஸ்ட்ரா பேப்பர் கேட்டாள். அவளுடைய எழுத்து பெரிதோ, அவள் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு எழுதினாளோ, யாருக்குத் தெரியும்? எனக்கோ கை உதறத் தொடங்கிவிட்டது. கடைசி எஸ்ஸேக்கு இலக்கமும் ஒரு சமன்பாடும் எழுதினேன், மணி அடித்துவிட்டது.

எம்சிகியூவில், அதாவது ஐந்து விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்கிற வினாத்தாளில், நடந்தது அதைவிடக் கேவலம். 23ஆம் கேள்வி வரவில்லை என்று விட்டுவிட்டு 24க்குப் போனேன், ஆனால் விடைத்தாளில் 23க்கு நேரே புள்ளடி போட்டுவிட்டேன். 38ஆம் கேள்விக்கு விடை போடப் போனபோதுதான் என் கை 37இல் நிற்பதைக் கண்டேன். பதினான்கு புள்ளடிகளையும் ஒவ்வொன்றாக இடம் மாற்றி முடிக்க, கடைசிப் பக்கத்துக்கு நேரமில்லை. அந்தப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். (அதுவாவது செய்தேனே. எங்கள் பரீட்சையில் பிழையான விடைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள். வெறுமையாக விட்டுவிட்டு வருவதில் ஒரு லாபமும் இல்லை.)

மாமி என்றால் அப்பாவின் அக்கா. களுவாஞ்சிக்குடியில் இருக்கிறார். தமிழ் படிப்பித்த டீச்சர், கெமிஸ்ட்ரியில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் வருடக்கணக்காகப் பரீட்சை மண்டபங்களில் நோக்குநராகக் கடமை செய்தவர். பெறுபேறு வந்த அன்று வீட்டில் எல்லோரும் செத்த வீடு மாதிரி இருக்க, அவர் மட்டும் நான் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு எந்தக் கேள்வியில் நின்றேன் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “படிக்காம வாற புள்ளையளையும் மண்டபத்தில கண்டிருக்கன், படிச்சிட்டு வந்து முழிக்கிற புள்ளையளையும் கண்டிருக்கன். நீ ரெண்டாவது ஆள்.”

அடுத்த வருடம் பரீட்சை நெருங்கியபோது அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். பரீட்சை தொடங்குவதற்கு ஒன்பது நாள் முன்னால் தன்னுடைய வீட்டில் ஒரு கடைசிப் பரீட்சை எழுத வேண்டும். ஏன் ஒன்பது என்று கேட்டேன். “பிழையைக் கண்டுபிடிச்சாத் திருத்த ஒரு கிழமை வேணும். மிச்ச ரெண்டு நாள் நித்திரை கொள்ள.” பரீட்சைக்கு முந்திய நாள் வைத்தால் பிழை தெரியும், திருத்த நேரமிருக்காது, பயம் மட்டும் மிஞ்சும். ஒரு மாதம் முன்னால் வைத்தால் இன்னும் நாளிருக்கிறது என்ற சோம்பல் வந்துவிடும். இந்தக் கணக்கை நான் அதன் பிறகு யாருக்கும் மாற்றிச் சொன்னதில்லை.

வினாத்தாள் விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. எனக்குக் கிளாஸில் கொடுத்த புது மொடல் பேப்பர் ஒன்றைச் செய்ய ஆசை. மாமி விடவில்லை. முன்கூட்டியே என்னிடமிருந்த வினாத்தாள் கட்டுக்குள்ளிருந்து 2012 தாளை எடுத்து, இரண்டு பகுதியையும் உறைக்குள் போட்டு ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தார். கட்டிலில் குந்தியிருந்து நான் கேள்வி கேள்வியாகத் தின்று தீர்த்ததில் அந்த ஒரு வருடம் மட்டும் தப்பியிருந்தது. அப்போது கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. மொடல் பேப்பர்களில் நல்லதும் உண்டு. ஆனால் பல, பிள்ளைகளைத் திணறடிக்கவென்றே செய்தவை. கடைசி நேரத்தில் அதைச் செய்து 40 புள்ளி எடுத்தால் அது உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாது, ஆனால் இரண்டு இரவு நித்திரையைக் கெடுத்துவிடும். பரீட்சைத் திணைக்களத்தின் பழைய வினாத்தாளின் பாரம், நடை, கேள்வி கேட்கும் விதம் எல்லாம் உண்மையான பரீட்சையினுடையவை. புள்ளித்திட்டமும் கையில் கிடைக்கும். ஒரு வருடத்துத் தாளைத் தொடாமல் ஒளித்து வைப்பது மட்டும்தான் கஷ்டம். அதை நீங்களே வைத்திருந்தால் நடக்காது, வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

அதோடு, பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்னால் கிளாஸ், செமினார், மொடல் பேப்பர் கொடுப்பது எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லித் திணைக்களம் அறிவிக்கும். அந்த நாட்களில் பிள்ளை வீட்டில் தனியாகத்தான் இருக்கும். கடைசிப் பரீட்சையை வீட்டார் வைத்தால்தான் உண்டு.

குறித்த நாள் காலை. சட்டம் என்னவென்றால், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, சப்பாத்து, அடையாள அட்டை, பேனை, மணிக்கூடு எல்லாவற்றோடும் வர வேண்டும். “எட்டரைக்கு வினாத்தாள் குடுப்பன். நீ வந்தா என்ன, வராட்டி என்ன.” மாமி வீட்டுப் பின்வளவில் முன்பு ரியூசன் நடந்த கிடுகுக் கொட்டில் ஒன்று இருந்தது. அங்கேதான் மண்டபம். மாமி வீட்டுக்கு அயலில் இருந்த இரண்டு பெடியன்களையும் பிடித்து வந்து தங்கள் தங்கள் பாடங்களை எழுத இருத்தியிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி 8.41.

வழமையான பாதைக்குத்தான் போனேன். அது ஆள் சேரும்வரை துறையடியில் நின்றது. அக்கரையில் இறங்கிப் பஸ்ஸுக்கு நின்றேன். பதினொரு நிமிடம் பிந்தியது, அவ்வளவுதான். மாமி ஒன்றும் ஏசவில்லை. வினாத்தாளை நீட்டிவிட்டுப் பலகையில் எழுதியிருந்த நேரத்தைக் காட்டினார்: 8.30 தொடக்கம், 11.30 முடிவு. அந்தப் பதினொரு நிமிடமும் எனக்கு இல்லாமல் போயிருந்தது. கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். “கொழும்பில இருந்து தந்தா நானும் தாறன்” என்றார்.

வேர்வை வழிய வழிய எழுதத் தொடங்கினேன். ஜூலை மாதம். கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வந்து கொட்டிலுக்குள் இறைத்தது, தாள் பறந்தது. ஜெல் பேனையில் எழுதிய எழுத்து, உள்ளங்கை வேர்வை பட்டு இழுபட்டது. இரண்டாவது கேள்வியில் கணக்கு ஒன்றின் நடுவில் நிற்கும்போது மாமி வரவுத்தாளோடு வந்து மேசையில் தட்டினார்: “ஒப்பம் வைங்க. அடையாள அட்டையக் காட்டுங்க.” கணக்கு அப்படியே விட்டுப்போனது. பெடியன்களில் ஒருவனை எழுப்பி எக்ஸ்ட்ரா பேப்பர் கேட்கச் சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கொரு தரம் அவன் எழும்பிக்கொண்டே இருந்தான். மூன்றாவது தரம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு உண்மையான மண்டபத்தில் யார் எத்தனை தாள் வாங்கினாலும் எனக்கு அந்தப் பெடியனின் முகம்தான் ஞாபகம் வந்தது.

11.30க்கு “பேனைய வைங்க” என்றார். ஒரு எஸ்ஸே தொடாமலே கிடந்தது. அதோடு முடியவில்லை. அமைப்புக் கட்டுரைகள் உள்ள பகுதி ஏ மேலே வரும்படி எல்லாத் தாளையும் அடுக்கி நூலால் கட்டித் தரச் சொன்னார். கட்டிக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “சுட்டெண் எங்க?” என்றார். அந்தப் பரீட்சை இலக்கத்தை முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன், உள்ளே எழுதிய தாள்களில் இரண்டில் இல்லை. மண்டபத்தில் இதைக் கண்டு ஒவ்வொரு வருடமும் எத்தனை பிள்ளைகளைக் கூப்பிட்டு எழுத வைத்திருப்பேன் தெரியுமா என்றார். அன்றிலிருந்து, தாள் கைக்கு வந்ததும் முதலில் சுட்டெண், பிறகுதான் விடை.

அன்றைக்குத் திருத்தவில்லை. மாமி விடவில்லை. எழுதி முடித்த சூட்டில் திருத்தினால் நமக்கு நாமே இரக்கப்பட்டுப் புள்ளி போடுவோம், இல்லாவிட்டால் ஒரேயடியாக மனம் விட்டுப்போகும் என்பது அவருடைய எண்ணம்.

மறுநாள் பின்னேரம் ஒரு மணிக்கு எம்சிகியூ. பின்னேரத்தில் ஏன் என்றால், நேர அட்டவணையில் சில பாடங்கள் பின்னேரத்தில் வரும். அந்த நேரத்து மூளை வேறு மூளை. மாமிக்கு வேறு அலுவல் இருந்ததால் அம்மா கூட வந்து மணிக்கூட்டோடு இருந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளை என்று மத்தியானம் சோறு, மீன் குழம்பு, சுண்டல், அதற்கு மேல் ஒரு சட்டித் தயிரும் சீனியும். எங்கள் எருமைத் தயிரைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அதற்குப் பிறகு ஆள் செய்யக்கூடிய ஒரே வேலை படுக்கிறதுதான். இரண்டு மணிக்கு 20ஆம் கேள்வியில் எழுத்துகள் நீந்தத் தொடங்கின. அம்மா கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டார். ஆனால் மூன்று மணிக்குச் சரியாக எழும்பித் தாளைப் பறித்துக்கொண்டார். அந்த மனிசிக்கு எப்படித் தெரிந்ததோ.

எம்சிகியூவைத் திருத்தியதில் 50க்கு 31. முதல் வருடத்து நானாக இருந்தால் அதோடு “31” என்று எழுதிவிட்டு அழுதிருப்பேன். மாமி கொப்பியில் கோடு போட்டு, பிழைத்த 19ஐயும் ஒவ்வொன்றாக ஏன் பிழைத்தது என்று எழுத வைத்தார். உண்மையாகவே தெரியாதவை ஏழு. “பொருந்தாதது எது”, “பிழையானது எது” என்று கேட்டிருக்க, அதைக் கவனிக்காமல் சரியானதைத் தெரிவு செய்தவை நான்கு. நேரமில்லாமல் குருட்டுவாக்கில் போட்டவை மூன்று. மிச்சம் ஐந்தும் 31க்கும் 40க்கும் இடையில்.

கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு அந்தப் பத்துக் கேள்விகளைத் தெரியும். ஏ, பி, சி, டி என்று நான்கு கூற்று இருக்கும். ஏயும் பியும் மட்டும் சரி என்றால் 1, பியும் சியும் என்றால் 2, சியும் டியும் என்றால் 3, டியும் ஏயும் என்றால் 4, வேறு எந்தச் சேர்க்கையானாலும் 5. கூற்றுகள் எனக்குத் தெரிந்திருந்தன. தயிர் மயக்கத்தில் அந்த இலக்கங்களைத்தான் மாற்றிப் போட்டிருந்தேன். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆக, 19இல் 12 பிழைக்குப் புத்தகத்தைத் திறக்கத் தேவையே இல்லை! கையில் இருந்த ஒரு கிழமையில் நான் செய்தது அந்தப் பன்னிரண்டுக்கு மருந்து. 31 தொடக்கம் 40 வரையான கேள்விகளைத் தலை தெளிவாக இருக்கும்போதே முதலில் செய்வது. கூற்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி, பிழை என்று வினாத்தாளிலேயே குறித்துவிட்டு அதன் பிறகுதான் அட்டவணையைப் பார்ப்பது. “பிழையானது”, “அல்லாதது” என்ற சொல் கண்ணில் பட்டால் வட்டம் போடுவது. பத்துக் கேள்விக்கு ஒரு தரம் கேள்வி இலக்கமும் விடைத்தாள் இலக்கமும் ஒன்றாக நிற்கின்றனவா என்று விரல் வைத்துப் பார்ப்பது. தெரியாத ஏழில் மூன்றைப் படித்தேன். மற்ற நான்கும் எனக்கு ஒருநாளும் ஏறாத இடங்கள், விட்டுவிட்டேன். கடைசிக் கிழமையில் எதை விடுவது என்று முடிவெடுக்கத் தைரியம் வேண்டும், அது எனக்கு அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் வந்தது.

விடை எழுதுகிற வினாத்தாளான பகுதி இரண்டுக்கு மாமி ஒரு கணக்குப் போட்டார், தமிழ் டீச்சர் போட்ட கணக்கு. அமைப்புக் கட்டுரை நான்குக்கும் தலா 100 புள்ளி. எஸ்ஸே நான்கு எழுத வேண்டும், தலா 150. கூட்டினால் 1000. நேரம் 180 நிமிடம். அப்படியென்றால் 100 புள்ளிக்கு 18 நிமிடம், 150க்கு 27. “இதில என்ன கெமிஸ்ட்ரி கிடக்கு?” 8.30க்குத் தொடங்கினால் பகுதி ஏ முடிகிற நேரம் 9.42, பிறகு ஒவ்வொரு எஸ்ஸேயும் 10.09, 10.36, 11.03, 11.30. இந்த ஐந்து நேரத்தையும் நான் சுவரில் எழுதி ஒட்டினேன். கடைசியில் பார்த்துச் சரி செய்ய ஒரு நிமிடமும் இல்லை என்று கண்டு, பகுதி ஏயை 9.35க்கு முடிக்கப் பழகினேன். நேரம் வந்தால் பாதி வசனத்திலும் விட்டுவிட்டு, இடம் விட்டு, அடுத்த கேள்விக்குப் போவது. இதைப் பழகத்தான் எனக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது. தெரிந்த கேள்வியை விட்டு எழும்ப மனம் வராது. ஆனால் ஒரு கேள்வியில் கடைசி ஐந்து புள்ளிக்குப் பத்து நிமிடம் போகும், புதுக் கேள்வியில் அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஐம்பது புள்ளி எடுத்துவிடலாம்.

மற்றவை சில்லறை விஷயங்கள், சில்லறை என்று விட்டதால்தான் முதல் தரம் விழுந்தேன். ஜெல் பேனையை விட்டுச் சாதாரண போல்பொயின்ற் இரண்டு, கொஞ்ச நாள் எழுதிப் பழகியவை. முகம் துடைக்கிற துணி தவிர, கை துடைக்க ஒரு சின்னத் துணி. காலைக்கு இடியப்பம் நான்கு, சொதி, தேத்தண்ணி. பின்னேரப் பரீட்சை என்றால் மத்தியானம் இரண்டு துண்டு பாணும் வாழைப்பழமும். தயிர் கடைசி நாள் வரைக்கும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மாவுக்கு மாமி தடை போட்டுவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, வழமையான பாதைக்கு முந்தின பாதை. 2016 பரீட்சையில் ஒரு நாளும் ஏழரைக்குப் பிந்தி நான் மண்டப வாசலுக்குப் போனதில்லை.

பரீட்சை நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒப்பம் வாங்க வந்தார்கள், எக்ஸ்ட்ரா பேப்பர் கேட்டார்கள், காற்று வீசியது, எல்லாம் ஏற்கனவே பார்த்த மாதிரி இருந்தது. பிறகு வந்தாறுமூலை, கிழக்குப் பல்கலைக்கழகம், வேலை, கலியாணம் என்று போய், களுவாஞ்சிக்குடியிலேயே தங்கிவிட்டேன்.

2024இல் சித்தியின் மகள் எழுதினாள். இப்போது நான்தான் மாமி.

அதற்குள் பருவம் மாறிவிட்டிருந்தது. கொரோனாவோடு நாள்காட்டி தடம் புரண்டதில், ஆகஸ்ட்டில் நடந்த பரீட்சை மாரிக்குள் வந்து விழுந்தது. 2023ஆம் ஆண்டுப் பரீட்சையே 2024 ஜனவரியில்தான் நடந்தது. 2024க்கு உரியது நவம்பர் 25 தொடங்குவதாக அறிவித்தார்கள். அந்த 2023 தாளை உறையில் போட்டு என் மேசை லாச்சியில் பூட்டிவிட்டு, ஒன்பது நாள் முன்னால், நவம்பர் 16ஆம் திகதி சனிக்கிழமை, என்னுடைய வீட்டுக்கு வரச் சொன்னேன்.

எனக்குக் கச்சான் காற்று கற்றுத் தந்ததை அவளுக்கு மழை கற்றுத் தந்தது. பாதையில் நனைந்து வந்தாள். சப்பாத்துக்குள் தண்ணீர், காலுறை நனைந்து மூன்று மணித்தியாலமும் கால் விறைத்துப்போய் இருந்தது. மூக்குக்கண்ணாடியில் பனிப்புகார் படிந்தது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் நான் “இன்னும் அரை மணித்தியாலம்” என்று சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. பத்தரைக்குக் கரண்ட் போனது. லைட்டுக்கு வழி பண்ண எழும்பியவள் நான், பிறகு நினைத்து இருந்துவிட்டேன். அவளே மேசையை இழுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனாள். மண்டபத்தில் அப்படி இழுக்க முடியாது என்பது வேறு கதை, ஆனால் இருட்டில் எழுத முடியும் என்று அவளுக்குத் தெரிந்ததே, அது போதும். எழுதி முடித்த பிறகு நாங்கள் எழுதிய பட்டியலில் கெமிஸ்ட்ரி நான்காவது இடத்தில்தான் வந்தது. முதலில் மாற்றுக் காலுறை. இரண்டாவது, அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் தண்ணீர் போகாத பிளாஸ்டிக் கோவைக்குள். அனுமதி அட்டையில் ஒப்பம் உறுதிப்படுத்தியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டோம். மூன்றாவது, வழி.

மண்டூரிலிருந்து வெளியே வர மூன்று வழி. பாதை ஒன்று. வெல்லாவெளிப் பக்கத்தால் சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் வருவது ஒன்று. நாவிதன்வெளிப் பக்கம் போய்க் கிட்டங்கித் தாம்போதியால் கல்முனைக்கு ஏறுவது ஒன்று. மூன்றிலும் தண்ணீர் இருக்கிறது. மாரியில் காற்றடித்தால் பாதை நிற்கும், வீதியில் வெள்ளம் ஏறும், கிட்டங்கி மூழ்கும். “அப்பா எப்பிடியும் கொண்டு போய் விடுவார் அக்கா” என்றாள். நான் சித்தியைக் கூப்பிட்டு, 24ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை உடுப்போடும் புத்தகத்தோடும் என் வீட்டில் கொண்டுவந்து விடச் சொன்னேன். சித்தி கொஞ்சம் மனம் நொந்தார், தன் கையால் சமைத்துக் கொடுக்க முடியாதே என்று.

25ஆம் திகதி பரீட்சை தொடங்கியது. மழையும்தான். 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மதரசாப் பிள்ளைகளோடு உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடிபட்டுப்போன செய்தி வந்தது. அதைக் கேட்ட பிறகு சித்தி சமையலைப் பற்றிக் கதைக்கவில்லை. 27ஆம் திகதியிலிருந்து பரீட்சையை நிறுத்தினார்கள். முதலில் மூன்று நாள் என்றார்கள், பிறகு நீட்டி, டிசம்பர் 4ஆம் திகதிதான் திரும்பத் தொடங்கியது.

இந்த இடைவெளிக்கு என்னிடம் ஆயத்தம் இல்லை. மாமியிடமும் இருந்திருக்காது. அவள் பாட்டுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள், இன்னொரு பேப்பர் தாங்க அக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் சும்மா இருப்பதற்கு இது நல்லதுதானே என்று 30ஆம் திகதி ஒரு முழு வினாத்தாளைக் கொடுத்துவிட்டேன். பிழை என்னுடையது. 16ஆம் திகதி எடுத்ததைவிடக் குறைவாக எடுத்தாள், சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மாமிக்குப் போன் பண்ணினேன். முழங்கால் நோவோடு கட்டிலில் கிடந்தவருக்கு வந்ததே கோபம். “வெந்து இறக்கின சோத்தத் திரும்பவும் அடுப்பில வைப்பியாடி? குழையாம என்ன செய்யும்?”

மறுகா அவர் சொன்னபடிதான் செய்தோம். ஒவ்வொரு நாளும் எட்டரைக்கு மேசையில் இருந்து, எழுதவிருந்த பாடத்தில் எம்சிகியூ பத்து மட்டும். பத்தும் அவள் ஏற்கனவே செய்து சரி எடுத்தவை, வேண்டுமென்றே பொறுக்கிக் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் எழும்பி விடுவாள். பிறகு சுருக்கக் குறிப்பு, நித்திரை, என் மகனோடு முற்றத்துத் தண்ணீரில் கடதாசிக் கப்பல். புள்ளி கேட்கவில்லை, எழுதவும் இல்லை. கை எட்டரையை மறக்காமல் இருந்தால் போதும் என்று விட்டோம்.

டிசம்பர் 4 காலை அவள் வெளிக்கிட்டபோது பையில் காலுறை இரண்டு சோடி இருந்தது. மழை இல்லை. ஆனாலும் கொண்டு போனாள்.

அவளுடைய பெறுபேற்றை இங்கே எழுத அவள் விடவில்லை, அது அவளுடைய விஷயம். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், கணிதப் பிரிவு. இணைந்த கணிதத் தாள் ஒன்று உறைக்குள் கிடப்பது அவனுக்குத் தெரியும். வரும்போதெல்லாம் லாச்சியை இழுத்துப் பார்க்கிறான், பூட்டியிருக்கிறது. எத்தனையாம் ஆண்டுத் தாள் என்றாவது சொல்லுங்க அக்கா என்கிறான்.

திறப்பை மாமியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.